லொட்ஜில் சேரலாமா? திருச்சபைகள் சொல்லும் பதில்களும் அவற்றின் காரணங்களும்

லண்டனிலோ மெல்பேர்னிலோ வேலை செய்யும் திருகோணமலைப் பிள்ளை ஒருவரை, கூட வேலை செய்யும் மூத்தவர் ஒருவர் பிரீமேசன் என்ற சங்கத்தின் லொட்ஜில், அதாவது அதன் உள்ளூர்க் கிளையில், சேரக் கூப்பிடுகிறார் என்று வையுங்கள். நல்ல மனிதர்கள், நன்கொடை, மாதம் ஒரு விருந்து, நாலு பேரின் தொடர்பு. பிள்ளை ஊருக்கு அழைப்பெடுத்து அம்மாவிடம் கேட்கிறது. உவர்மலையில் இருக்கும் அம்மா உறவுக்குள் விசாரிக்கிறார். பாலையூற்றுச் சித்தப்பா கத்தோலிக்கர். "அது சாவான பாவம், கிட்டவும் போகவேண்டாம் என்று சொல்லுங்கோ" என்கிறார். மெதடிஸ்த கோவிலுக்குப் போகும் மாமி, "எங்கட சபையில் தடை என்று கேள்விப்படேல்லை, ஆனால் யோசிச்சுச் செய்யச் சொல்லுங்கோ" என்கிறார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மச்சானோ பதில் சொல்லாமல் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோவைத் தட்டிவிடுகிறார்: ஒற்றைக்கண், முக்கோணம், ஆட்டுத்தலைச் சாத்தான். பக்கத்து வீட்டுச் சைவ வாத்தியார், "விவேகானந்தரே அதில் இருந்தவர்தானே தங்கச்சி" என்று முடித்துவிடுகிறார்.

ஒரே கேள்விக்கு ஒரே ஒழுங்கைக்குள் நாலு பதில். இவற்றில் எதுவுமே வெறும் வாய்ப்பேச்சில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஆனால் அந்த வீடியோதான் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஓடுகிறது, ஓடுகிற ஓட்டத்தில் திருச்சபைகள் உண்மையில் என்ன காரணத்துக்காக எதிர்த்தன என்பதை மறைத்தும் விடுகிறது. கத்தோலிக்கனான எனக்கு அதுதான் வருத்தம். எதிர்ப்புக்குச் சரியான காரணம் கையில் இருக்கும்போது பொய்க் காரணத்தைக் கொடுத்து ஒரு பிள்ளையை ஏன் அனுப்பவேண்டும்?

முதலில் அமைப்பைப் பார்ப்போம். ஐரோப்பாவில் பேராலயங்கள் கட்டிய கற்கொத்தர்களின் கருவிகளையும் வழக்கங்களையும் குறியீடுகளாக எடுத்துக்கொண்டு, ஒழுக்கப் பாடம் நடத்தும் ஆண்கள் சங்கம் அது. மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாவற்றுக்கும் அங்கே ஓர் ஒழுக்கப் பொருள் உண்டு. 1717 ஜூன் 24, யோவான் ஸ்நானகரின் திருநாளன்று, லண்டனில் நாலு லொட்ஜ்கள் ஒரு மதுச்சாலையில் கூடி, தங்களுக்குத் தலைமை அமைப்பாக முதல் பெருலொட்ஜை அமைத்தன. 1723இல் அதற்கு விதிநூல் எழுதிக்கொடுத்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். அவர் ஒரு பிரஸ்பிற்றேரியன் போதகர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த விதிநூலின் முதல் விதியில்தான் இன்றைக்குவரை நடக்கும் சண்டை இருக்கிறது: உறுப்பினர்கள் எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் சமயத்தைக் கைக்கொண்டால் போதும், அதற்கு மேலான தனித்தனி அபிப்பிராயங்களை அவரவர் தங்களோடு வைத்துக்கொள்ளலாம்.

இதை அனுதாபத்தோடு வாசிக்கவேண்டும். சமயத்தின் பெயரால் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்த ஐரோப்பா அது. கத்தோலிக்கனும் புரட்டஸ்தாந்தும் ஒரு மேசையில் உட்கார்ந்து, சமயமும் அரசியலும் கதைக்காமல், நல்லவர்களாக இருப்போம் என்று முடிவெடுத்தது சின்ன விஷயமில்லை. கலவரம் பார்த்த எங்கள் ஊருக்கு அந்த ஆசை நன்றாக விளங்கும். ஆனால் ஒரு விசுவாசியின் காதில் அதே விதி வேறு மாதிரியும் விழும். கிறிஸ்துவை ஆண்டவர் என்று சொல்வது "தனிப்பட்ட அபிப்பிராயம்" ஆகிவிட்டதே, அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தானே உள்ளே போகவேண்டும் என்று.

இலங்கைக்கு இது ஒல்லாந்தரோடு வந்தது. 1770களிலேயே கொழும்பிலும் காலியிலும் லொட்ஜ்கள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் இன்னும் பரவியது. படைப்பிரிவோடு சேர்ந்தே பயணிக்கும் லொட்ஜ்களுக்கு அயர்லாந்துப் பெருலொட்ஜ் 1732இலிருந்து அனுமதிப்பத்திரம் கொடுத்தது. பேரரசின் கோட்டைகளுக்கும் துறைமுகங்களுக்கும் பிரீமேசனியம் போன பெருவழி அதுதான். 1795இல் பிரித்தானியர் கைக்கு வந்து 1957வரை அவர்களுடைய கடற்படைத் தளமாக இருந்த திருகோணமலையில், பிரீமேசன் என்றால் வெள்ளைக்கார அதிகாரிகளின் கூட்டு என்ற நினைப்பு பழைய ஆட்களிடம் ஊறிப்போனதில் ஆச்சரியமில்லை. இன்றும் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து ஆகிய மூன்று பெருலொட்ஜ்களின் கீழும் நாட்டில் லொட்ஜ்கள் இயங்குகின்றன. உறுப்பினர்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லாரும் உண்டு.

அப்புறம், உள்ளே என்னதான் நடக்கிறது? கோழி வெட்டுவதில்லை, இரத்தம் குடிப்பதில்லை. சடங்கு நூல்கள் எப்போதோ அச்சில் வந்துவிட்டன, யாரும் வாசிக்கலாம். முதல் படியில் சேர வருபவரின் பையிலும் உடம்பிலும் இருக்கும் பணம், மோதிரம் முதலான உலோகங்களை வாங்கி வைத்துவிடுவார்கள். கண்ணைக் கட்டுவார்கள். இடது காற்சட்டைக் காலை முழங்காலுக்கு மேலே சுருட்டி, கழுத்தில் ஒரு கயிற்றைச் சுருக்குப் போட்டு, கதவைத் தட்டி உள்ளே கூட்டிப்போவார்கள். மண்டபத்தைச் சுற்றி நடத்தி, கடைசியில் மேடைக்கு முன் முழந்தாளிட வைப்பார்கள். கையை வேதப் புத்தகத்தின் மேல் வைக்கச் சொல்வார்கள். கிறிஸ்தவனுக்கு பைபிள், இந்துவுக்கு கீதை, முஸ்லிமுக்கு குர்ஆன். சத்தியம் செய்யுமுன் லொட்ஜ் தலைவர் ஓர் உறுதி கொடுப்பார்: நீங்கள் செய்யப்போகும் சத்தியத்தில் உங்கள் குடிமைக் கடமைக்கோ ஒழுக்கத்துக்கோ சமயத்துக்கோ முரணானது எதுவும் இல்லை என்று. அதன்பின் வசனம் வசனமாக அவர் சொல்ல, இவர் திருப்பிச் சொல்லவேண்டும். முடிந்ததும், இருளில் இருந்த நீங்கள் இப்போது எதை விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். ஒளி என்று பதில் சொல்லவேண்டும். கண்கட்டு அவிழும்.

மூன்றாம் படியில் சாலமோனின் ஆலயத்தைக் கட்டிய தலைமைக் கொத்தன் ஹிராம் அபிஃப் இரகசியத்தைச் சொல்ல மறுத்துக் கொல்லப்பட்ட கதையை நடித்துக்காட்டுவார்கள். சேர வந்தவரே ஹிராமாக விழுந்து, பிறகு தூக்கி எழுப்பப்படுவார். பைபிளில் ஹிராம் என்ற கைவினைஞர் வருகிறார். அவர் கொல்லப்பட்ட கதை அங்கே இல்லை. பழைய சத்திய வாசகத்தில், இரகசியத்தை வெளியே விட்டால் தொண்டை அறுபடட்டும் என்பது போன்ற தண்டனைகள் இருந்தன. யாரும் அதை நிறைவேற்றுவதாக எண்ணிச் சொன்னதில்லை என்று மேசன்கள் சொல்வார்கள். இங்கிலாந்தின் ஐக்கிய பெருலொட்ஜ் 1986இல் அதைச் சத்தியத்திலிருந்தே எடுத்துவிட்டது.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு திருச்சபைகளிடம் போனால் அவர்கள் கதைப்பது விளங்கும்.

கத்தோலிக்கத் திருச்சபை முந்திக்கொண்டது. 1738 ஏப்ரல் 28இல் பன்னிரண்டாம் கிளமெந்து பாப்பரசர் முதல் தடையை விதித்தார். அவர் சொன்ன காரணங்களில் சாத்தான் வழிபாடு இல்லை. எந்தச் சமயத்தவரும், எந்தப் பிரிவினரும் வெறும் இயற்கை நேர்மையின் பெயரில் ஒன்றுசேர்கிறார்கள்; கனமான தண்டனையோடு வேதத்தின்மேல் இரகசியச் சத்தியம் செய்கிறார்கள்; தீமை செய்யாதவர்களுக்கு ஒளியின் மேல் இவ்வளவு வெறுப்பு ஏன்? கடைசியாக, தமக்குத் தெரிந்த வேறு நியாயமான காரணங்களும் உண்டு என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னால் என்ன அரசியல் இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். 1751இல் பதினான்காம் பெனடிக்ட் அதையே மறுபடி உறுதிசெய்தார். ஆனாலும் தடை எல்லா இடத்திலும் பிடிக்கவில்லை. பிரான்சில் பாரிஸ் உயர்மன்றம் அந்த ஆணைமடலைப் பதிவுசெய்யாததால் அங்கே அதற்குச் சட்ட வலு கிடைக்கவில்லை. கத்தோலிக்கரான மோட்சார்ட் வியன்னாவில் மேசனாகவே இருந்து மேசன் சடங்குகளுக்கு இசையும் எழுதினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தேகம் பகையானது. இத்தாலியின் ஒன்றிணைப்புக்காகப் போராடிய கரிபால்டி மேசன் பெருந்தலைவராகவும் இருந்தவர். 1870 செப்டெம்பர் 20இல் இத்தாலியப் படை உரோமைக்குள் நுழைந்து பாப்பரசரின் ஆட்சியை முடித்தது. 1877இல் கிரான்ட் ஓரியன்ட் என்ற பிரெஞ்சு மேசன் தலைமை அமைப்பு, கடவுள் நம்பிக்கை வேண்டும் என்ற விதியையே நீக்கியது. அதனால் ஆங்கிலேய மேசன்களே அவர்களோடு உறவை முறித்துக்கொண்டார்கள். இன்றும் இந்த இரண்டு மரபும் வேறுவேறு. ஒன்றைக் காட்டி மற்றதைக் குற்றம் சொல்லக்கூடாது. 1884இல் பதின்மூன்றாம் லியோ எழுதிய சுற்றுமடல் எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் கொண்டுவந்து, மனித இயற்கையும் பகுத்தறிவும் போதும், கடவுளின் வெளிப்பாடு வேண்டியதில்லை என்ற கொள்கையே இந்தச் சங்கத்தின் உயிர் என்று தீர்ப்புச் சொன்னது. 1917 திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 2335ஆம் சட்டம், மேசன் சங்கத்தில் சேர்பவர் சேர்ந்த மாத்திரத்திலேயே திருச்சபையிலிருந்து புறநீக்கம் அடைகிறார் என்றது.

இப்போது எங்கள் ஊரைப் பாருங்கள். திருகோணமலை மறைமாவட்டம் உருவானது 1893இல், அதாவது லியோவின் சுற்றுமடலுக்கு ஒன்பது வருடத்துக்குப் பிறகு. இங்கே வந்து சேர்ந்தவர்கள் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள். முதல் ஆயர் சார்ல்ஸ் லவீஞ், 1946வரை இருந்த கஸ்தோன் றொபிஷே இரண்டு பேரும் அந்தச் சபையினர். இவர்களுடைய தாய்நாட்டில் அப்போது என்ன நடந்தது? 1880இல் அரசாணை போட்டு இயேசு சபையினரை அவர்களுடைய வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். 1904இல் துறவற சபைகள் பாடம் நடத்துவதையே சட்டத்தால் தடுத்தார்கள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் எமில் கோம்ப் ஒரு பிரீமேசன். தன் பள்ளிக்கூடம் பறிபோன ஒரு சபையின் குருவானவர் திருகோணமலைக்கு வந்து ஞாயிறு பிரசங்கத்தில் "பிரீமேசன்" என்று சொன்னால், அந்தச் சொல்லில் எவ்வளவு காயம் இருந்திருக்கும்! பாலையூற்றுச் சித்தப்பாவின் "கிட்டவும் போகவேண்டாம்" அங்கேயிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. உரோமையின் சட்டம் ஒரு பங்கு, பிரெஞ்சுக் குருக்களின் நினைவு ஒரு பங்கு.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கதவு கொஞ்சம் திறந்த மாதிரி இருந்தது. திருச்சபைக்கு எதிராகச் சதிசெய்யும் சங்கங்களுக்கு மட்டுமே 2335ஆம் சட்டம் பொருந்தும் என்று வாசிக்க இடம்கொடுக்கும் ஒரு கடிதம் 1974இல் உரோமையிலிருந்து போனது. அந்த வருடமே ஜெர்மன் ஆயர்கள் மேசன்களோடு உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினார்கள். ஆறு வருடம் கதைத்தார்கள். முதல் மூன்று படிகளின் சடங்கு நூல்களை மேசன்களே கொடுக்க, வரிவரியாக வாசித்தார்கள். 1980இல் அவர்கள் சொன்ன முடிவு: ஒரே நேரத்தில் கத்தோலிக்கனாகவும் மேசனாகவும் இருக்கமுடியாது. சதி செய்கிறார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. எந்தச் சமயமும் உண்மையை முழுதாகச் சொல்லமுடியாது என்ற நிலைப்பாடு, யாரும் எப்படியும் நிரப்பிக்கொள்ளக்கூடிய ஒரு கடவுள் எண்ணம், அருட்சாதனம் போலவே மனிதனை மாற்றுவதாகத் தோன்றும் சடங்கு, மனிதனை முழுதாகக் கேட்கும் பிணைப்பு. இவைதான் அவர்கள் கண்ட முரண்கள். கத்தோலிக்கத் தரப்பில் இதைவிட நேர்மையாக நடந்த ஆய்வு எனக்குத் தெரியவில்லை. பழிசொல்லாமல் மற்றவருடைய நூலையே வாசித்து முடிவுக்கு வந்தார்கள்.

அதற்கு அடுத்த வருடம் இத்தாலியில் பி-2 லொட்ஜ் விவகாரம் வெடித்தது. அந்த லொட்ஜின் தலைவர் லீச்சோ ஜெல்லியிடம் நடத்திய சோதனையில் அமைச்சர்கள், படைத்தளபதிகள், வங்கிக்காரர்கள் அடங்கிய பட்டியல் சிக்கியது. 1976இலேயே இத்தாலிய மேசன் தலைமை அந்த லொட்ஜின் அனுமதியை நிறுத்தியிருந்தது, ஆனால் இரகசியச் சங்கம் என்ற சொல்லின் பயம் முழு நாட்டையும் பிடித்தது.

1983இல் புதிய சட்டத்தொகுப்பு வந்தபோது மேசன் என்ற பெயர் அதில் இல்லை. 1374ஆம் சட்டம், திருச்சபைக்கு எதிராகச் சதிசெய்யும் சங்கத்தில் சேர்வோருக்கு நியாயமான தண்டனை என்று மட்டும் சொல்கிறது. பலர் தடை போய்விட்டது என்று நினைத்தார்கள். சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வரவிருந்தது நவம்பர் 27. அதற்கு முதல்நாள், நவம்பர் 26இல், விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட், ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டார். திருச்சபையின் தீர்ப்பு மாறவில்லை, சேர்பவர்கள் கனமான பாவ நிலையில் இருக்கிறார்கள், நற்கருணை வாங்கமுடியாது, உள்ளூர் ஆயர்களுக்கு இதைத் தளர்த்த அதிகாரமில்லை. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அதை அங்கீகரித்திருந்தார்.

"பழைய கதை" என்று சொல்பவர்களுக்கு 2023 நவம்பர் 13ஐ நினைவூட்டவேண்டும். பிலிப்பைன்ஸின் டுமகெட்டே ஆயர், தன் மக்களில் மேசன்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார். பிரான்சிஸ் பாப்பரசரின் ஒப்புதலோடு வந்த பதில் 1983 அறிக்கையையே திருப்பிச் சொன்னது, லொட்ஜில் இருக்கும் குருக்களுக்கும் அது பொருந்தும் என்று சேர்த்துச் சொன்னது. கூடவே ஒன்றையும் கேட்டுக்கொண்டது: எல்லாப் பங்குகளிலும் ஏன் இது ஒத்துப்போகாது என்பதை மக்களுக்குப் படிப்பியுங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி வேண்டுகோள்தான். எங்கள் பங்குகளில் தடையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன், காரணத்தைப் படிப்பிக்கக் கேட்டதில்லை.

ஏனென்றால் தடையின் விளைவு லேசானதில்லை. வெளிநாட்டிலிருந்து தங்கையின் கலியாணப் பூசைக்கு வந்த அண்ணன், நற்கருணை நேரத்தில் வாங்கிலேயே இருக்கிறான் என்று வையுங்கள். முன்வரிசையில் இருக்கும் அம்மாவுக்கு அது தெரியும், பின்வரிசையில் இருக்கும் பெரியம்மாவுக்கும் தெரியும். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவன் வைத்திருக்கும் பதில் ஒரு வீடியோவில் கேட்ட ஆட்டுத்தலைக் கதையாக இருந்தால், அவனுக்கே அதில் நம்பிக்கை இருக்காது. தன் லொட்ஜில் அப்படி ஒன்றையும் அவன் கண்டதில்லையே! அப்போது திருச்சபைதான் பொய் சொல்கிறது என்று நினைத்துவிடுவான்.

அங்கிலிக்கன் திருச்சபையின் கதை வேறு. அங்கே மேசனியமும் பேராயர் இல்லமும் நீண்ட காலம் ஒரே மேசையில் இருந்தன. 1953இல் எலிசபெத் மகாராணிக்கு முடிசூட்டிய கன்ரபரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் ஒரு மேசன். மகாராணியின் தகப்பன் ஆறாம் ஜோர்ஜ் மன்னரும் மேசன். 1951இல் வோல்ட்டன் ஹானா என்ற குருவானவர், கிறிஸ்தவன் மேசனாக இருக்கலாமா என்று வெளிப்படையாக எழுதிக் கேட்டபோது மேலிடம் அதை ஆராய விரும்பவில்லை. 1987இல்தான் பொதுப் பேரவை ஓர் ஆய்வறிக்கையை ஏற்றது. ஆய்வுக் குழுவில் மேசன்களும் இருந்தார்கள். மற்றவர்கள் ஒத்துப்போகாது என்றார்கள். மேசன்களாக இருந்தவர்களும் கிறிஸ்தவனுக்குச் சிக்கல்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. "ரோயல் ஆர்ச்" எனும் மேல்படியில் சொல்லப்பட்ட "ஜாபுலோன்" என்ற பெயரில் யாவே என்ற திருப்பெயரோடு பாகால் என்ற புறசமயத் தெய்வத்தின் பெயரும் கலந்திருக்கிறது என்று பலர் கொதித்தார்கள். 1989இல் மேசன்கள் அந்தப் பெயரைச் சடங்கிலிருந்து கைவிட்டார்கள். ஆனால் பேரவை யாரையும் தடைசெய்யவில்லை, மனச்சாட்சிக்கு விட்டது. 2002இல், கன்ரபரி பேராயராக நியமிக்கப்பட்ட ரொவன் வில்லியம்ஸ் மேசனியம் குருப்பணிக்கு ஒவ்வாது என்று எழுதியது வெளியே வந்து, மனம் நொந்த மேசன்களிடம் அடுத்த வருடம் மன்னிப்புக் கேட்டார். 2011இல் அவர் ஆயராக நியமித்த ஜொனதன் பேக்கர் மேசன் என்று தெரியவந்ததும், பேக்கர் லொட்ஜிலிருந்து விலகிக்கொண்டார். தடை என்று எங்கும் எழுதியில்லை, ஆனாலும் ஆயராகும்போது லொட்ஜை விட்டுவிடுவதுதான் நல்லது என்று அவருக்கே பட்டிருக்கிறது.

மாமியின் பதில் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. பிரித்தானிய மெதடிஸ்த மாநாடு 1985இல் ஒரு வழிகாட்டல் கொடுத்தது: மெதடிஸ்தர்கள் மேசன்களாகச் சேராமலிருப்பது நல்லது, சபைக் கட்டடங்களை லொட்ஜ் கூட்டங்களுக்குக் கொடுக்கக்கூடாது. 1996இல் அதைக் கொஞ்சம் மென்மையாக்கினார்கள். இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964இலேயே தன்னாட்சி பெற்றது. ஆகவே அந்த மாநாட்டின் தீர்மானம் இங்கே கட்டுப்படுத்தாது. யோசித்துச் செய்யுங்கள் என்று மாமி சொன்னது அவருடைய மரபுக்குச் சரியான பதில்தான். அமெரிக்காவின் தென் பாப்திஸ்து சபைகளும் 1993இல் நீண்ட விவாதத்துக்குப் பிறகு மனச்சாட்சிக்கே விட்டன. கிரேக்க ஓர்த்தடொக்ஸ் ஆயர்களோ 1933இலேயே இது பழைய புறசமய மறைச் சடங்குகளின் தொடர்ச்சி என்று முற்றாகத் தள்ளிவிட்டார்கள்.

சரி, மச்சானின் வீடியோவுக்கு வருவோம். அதில் பெரும்பாலும் ஒரு மேற்கோள் வரும்: அல்பர்ட் பைக் என்ற அமெரிக்க மேசன் தலைவர், உயர்ந்த படியில் இருப்பவர்கள் லூசிபரையே கடவுளாகக் கும்பிடவேண்டும் என்று கட்டளையிட்டாராம். அது வந்த இடம் தெரியும். லியோ தக்சில் என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் குருக்களைக் கேலிசெய்து எழுதிப் பிழைத்தவர். 1885இல் மனந்திரும்பியதாகச் சொல்லி மேசன்களுக்கு எதிராக எழுதத் தொடங்கினார். சாத்தான் கூட்டங்கள், டயானா வோன் என்று ஒரு பெண், பைக்கின் லூசிபர் கட்டளை எல்லாம் அவருடைய கைவேலை. கத்தோலிக்கர் அள்ளி வாங்கினார்கள், பாப்பரசரையே சந்தித்தார். 1897 ஏப்ரல் 19இல் பாரிஸில் கூட்டம் கூட்டி, இத்தனை வருடமும் நான் உங்களை ஏமாற்றினேன் என்று அவரே சொல்லிவிட்டார். ஏமாந்தது எங்கள் ஆட்கள். பொய்யைச் சொன்னவனே ஒத்துக்கொண்ட பிறகும் அது நூறு வருடத்துக்கு மேலாக ஓடுகிறது. இப்போது தமிழில் பின்னணி இசையோடு ஓடுகிறது. அதோடு யூதர் உலகை ஆளச் சதிசெய்கிறார்கள் என்ற போலி ஆவணத்தின் கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் கதையை நம்பியவர்கள் ஐரோப்பாவில் யூதருக்கு என்ன செய்தார்கள் என்பதும், ஹிட்லரின் ஆட்சியில் மேசன்களும் சிறைக்குப் போனார்கள் என்பதும் பகிர்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மச்சானிடம் இதைவிட நல்ல ஆயுதம் கையிலேயே இருக்கிறது, அவர் தினமும் வாசிக்கும் வேதத்தில். சத்தியமே பண்ணவேண்டாம், உங்கள் பேச்சு ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருக்கட்டும் என்று இயேசு சொல்வது மத்தேயு 5ஆம் அதிகாரம். அதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எந்தச் சத்தியமும் செய்வதில்லை. என்னவென்று அறியாமல் பதறி ஆணையிடுபவன் குற்றவாளி என்பது லேவியராகமம் 5:4. நான் உலகத்துக்கு வெளியரங்கமாய்ப் பேசினேன், மறைவில் ஒன்றும் பேசவில்லை என்று ஆண்டவர் பிரதான ஆசாரியனுக்குச் சொன்னது யோவான் 18:20. மேசன் ஒருவரிடம் இவற்றைச் சொன்னால் அவர் நின்று யோசிப்பார். ஆட்டுத்தலையைக் காட்டினால் சிரித்துவிட்டுப் போவார்.

வாத்தியார் சொன்னதும் உண்மை. நரேந்திரநாத் தத்தர் 1884இல் கல்கத்தாவின் அங்கர் அன்ட் ஹோப் லொட்ஜில் சேர்ந்தார். விவேகானந்தர் ஆனது பிறகு. ஆனால் இந்துக்களுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. பல தெய்வங்களை வணங்குபவர் ஒரு பரம்பொருளின்மேல் எப்படிச் சத்தியம் செய்வார் என்று வெள்ளைக்கார மேசன்கள் தடுத்தார்கள். பிரசன்ன குமார் தத்தர் வருடக்கணக்காகப் போராடி 1872இல்தான் கல்கத்தாவில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பரம்பொருள் ஒன்று, வழிகள் பல என்று சொல்லி வளர்ந்த சைவருக்கு ஆண்டர்சனின் முதல் விதி உறுத்துவதில்லை. கிறிஸ்தவனுக்கு முள்ளாய்க் குத்துவது அவருக்குத் தெரிந்த பாட்டாகவே கேட்கிறது. இஸ்லாத்தில் நிலைமை கத்தோலிக்கத்துக்குக் கிட்டவானது. மக்காவின் இஸ்லாமியச் சட்டப் பேரவை 1978 ஜூலை 15இல், விவரம் அறிந்தே மேசனாக இருக்கும் முஸ்லிம் இஸ்லாத்தை மறுத்தவர் ஆகிறார் என்று தீர்மானித்தது. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஆலிம் ஒருவரைக் கேட்டாலும் ஹராம் என்ற பதிலையே எதிர்பார்க்கலாம். ஆனாலும் 1860இல் டமஸ்கஸில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைக் கொலையிலிருந்து காத்த அல்ஜீரிய அமீர் அப்துல் காதிர் சில வருடத்துக்குப் பிறகு மேசனாகச் சேர்ந்தவர். அந்த மனிதர் என் மனதில் எப்போதும் உயர்ந்தே நிற்பார்.

மேசன்களின் பக்கத்தையும் சொல்லவேண்டும். நாங்கள் சமயமில்லை, எங்களுக்கு இறையியல் இல்லை, அருட்சாதனம் இல்லை, மீட்பு தருவதாகச் சொல்லவுமில்லை. தனியாக ஒரு மேசன் கடவுள் கிடையாது, ஒவ்வொருவரும் தன் சமயத்தின் கடவுளையே கும்பிடுகிறார் என்று ஆங்கிலேயப் பெருலொட்ஜ் 1985இல் விளக்கம் கொடுத்தது. இதை நான் நம்புகிறேன். பெரும்பாலான மேசன்கள் நல்ல எண்ணத்தோடு இருக்கும் சாதாரண மனிதர்கள்; மருத்துவமனைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் கொடுத்தவர்கள்.

என் தயக்கம் அந்தக் கண்கட்டின் அருகில்தான். நீ செய்யப்போகும் சத்தியத்தில் உன் சமயத்துக்கு முரணானது இல்லை என்று லொட்ஜ் தலைவர் சொல்கிறாரே, அதைச் சொல்ல அவருக்கு என்ன உரிமை? எது என் விசுவாசத்துக்கு முரண் என்று தீர்மானிக்கவேண்டியது நானும் என் திருச்சபையும். கேட்டு, வாசித்து, நாள் எடுத்து, குருவானவரிடம் கதைத்துத் தீர்மானிக்கவேண்டியது. முழந்தாளில் இருந்துகொண்டு, கையை நற்செய்தியின்மேல் வைத்தபடி, இன்னொருவருடைய உத்தரவாதத்தை நம்பி ஆண்டவரைச் சாட்சிக்கு இழுப்பது அந்த நற்செய்திக்கே பொருந்தாது. வாசகம் முழுக்க நல்லதாகவே இருந்தாலும் அது பொருந்தாது. திருமுழுக்கில் ஒளியைப் பெற்றுக்கொண்டவன் இன்னொரு மண்டபத்தில் நின்று, நான் இருளில் இருந்தேன், ஒளி வேண்டும் என்று சொல்வதும் எனக்கு ஏற்கவில்லை. சடங்கில் சொல்லும் சொல்லும் சொல்தானே. கலியாணமானவர் ஒருவர் தன் மனைவிக்குச் சொல்லமுடியாத ஒன்றைச் சத்தியத்தோடு வைத்திருப்பதும், அது கைகுலுக்கும் விதம் மட்டுமே என்றாலும், எனக்குச் சரியாகப் படவில்லை.

இதையெல்லாம் மேசன் நண்பர் ஒருவரிடம் முகத்துக்கு நேரே, அவரை இழிவுபடுத்தாமல் சொல்லமுடியும். லூசிபர் கதையை அப்படிச் சொல்லமுடியாது.

ஆகவே மெல்பேர்னில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு அம்மா சொல்லக்கூடியது இதுதான். விண்ணப்பத்தை நிரப்பமுன் முதல் படியின் சத்திய வாசகத்தை எழுத்தில் தரச் சொல்லி வாங்கு. அதை எடுத்துக்கொண்டு உன் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ போ. நீ கத்தோலிக்கனென்றால் பதில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனாலும் போய்க் காரணத்தைக் கேட்டு விளங்கிக்கொள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கும் வழி அடைபடவில்லை. இன்றைய சட்டத்தொகுப்பில் 1917ஐப் போல சேர்ந்தவுடன் தானாக விழும் புறநீக்கம் எழுதப்படவில்லை. லொட்ஜ் செயலாளருக்கு விலகல் கடிதம் ஒன்று எழுதிவிட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம். எந்தக் கோவிலிலும் எந்தக் குருவானவரிடமும் போகலாம். ஆயரிடம் தனியாக அனுமதி கேட்டு நிற்கத் தேவையில்லை.